தோனாவின் வயலில் நின்ற எருவண்டி

எங்கள் மேட்டுச் சாலையில் எந்த வீட்டில் எப்போது பால் கறப்பார்கள் என்பது என் தம்பி ரோசேர் கிரியோனுக்கு மனப்பாடம். லெசார் வீட்டுத் தொழுவத்தில் விளக்கு சீக்கிரம் எரியும். ரோத்ரிக் வீட்டில் அண்ணனும் தம்பியும் சண்டையை முடித்துவிட்டுத்தான் மாட்டுப் பக்கம் போவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அவன் போவான். நவம்பரில், மண் இன்னும் இறுகாமல், பனியும் சரியாக விழாமல் ஊரே சேறாகக் கிடக்கிற மாதத்தில், ஒவ்வொரு தொழுவமாக ஏறி இறங்குவான். "இந்தக் குளிர்காலமும் உங்க நிலத்து மேல பனிவண்டி போகலாமா" என்று கேட்பதுதான் வேலை. பனி மேல் விரைகிற மோட்டார் வண்டிதான் பனிவண்டி; அதற்கென்று இருக்கிற கிளப்பில் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு. அவர்கள் புகைப்படத்தில் நிற்பார்கள். கேட்கப் போகிறவன் ரோசேர்.

கியூபெக்கில், அதுவும் எங்கள் போஸ் பக்கத்தில், நிலங்கள் ரிப்பன் மாதிரி. ஆற்றங்கரையில் தொடங்கி மேட்டுக் காடு வரைக்கும் குறுகலாக, நீளமாக ஓடும். பக்கத்துத் தேவாலயப் பங்குக்கு ஒரு பனிவண்டிப் பாதை போக வேண்டுமென்றால் அத்தனை ரிப்பனையும் குறுக்கே கடக்க வேண்டும். நடுவில் ஒரே ஒருவர் மாட்டேன் என்றாலும் பாதை அங்கேயே அறுந்துவிடும். வண்டிக்காரர்கள் வெளியூரிலிருந்து வருவார்கள், விர்ரென்று போய்விடுவார்கள். அவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

ரோசேர் இந்த வேலையை யாரும் சொல்லி எடுக்கவில்லை. எங்கள் கடைசித் தம்பி நோர்மானை ஆறு கொண்டுபோன வருஷம் அவனாகவே எடுத்துக்கொண்டான். அந்தக் காலத்தில் பனிவண்டிக்கென்று பாதை ஏது? ஆறு உறைந்தால் ஆறுதான் சாலை. பழைய மர ஆலைக்குக் கீழே தண்ணீர் வேகம். மேலே பார்த்தால் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். அடியில் பனிக்கட்டி தாள் மாதிரி. நோர்மான் ஒரு நடன விருந்திலிருந்து அந்த வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தான். பனி உருகிய பிறகுதான் எங்களுக்குக் கிடைத்தான். அந்தக் கோடையிலேயே ரோசேர் வீடு வீடாக நடந்து, ஆற்றை விட்டு மேலே, வயல்கள் வழியாக ஒரு பாதை வாங்கினான். அதற்குப் பிறகு எங்கள் பங்கில் ஒருவரும் ஆற்றில் போகவில்லை.

அந்தப் பாதையில் மாற்று வழியே இல்லாத இடம் ஒன்றுதான். பாலத்தைத் தாண்டியதும் வருகிற தோனா வயல். அதற்கு மேலே பெரிய பள்ளம், வண்டி இறங்காது. கீழே ஆறு. நடுவில் தோனா லெசாரின் குதிரைமசால் தீவன வயல்.

அனுமதி கேட்பதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. நேராகக் கேட்டால் அது மரியாதைக் குறைவு. தோனாவிடம் ரோசேர் கேட்கிற விதம் இப்படித்தான் இருக்கும்:

"மாடெல்லாம் எப்படி?"

"நின்னுட்டிருக்கு."

"உலர்புல்லு வசந்தம் வரைக்கும் தாங்குமா?"

"தாங்கும், நீ தின்னாம இருந்தா."

அப்புறம் பால் விலை. அப்புறம் புதுப் பங்குச் சாமியாரின் பிரசங்கம் எவ்வளவு நீளம் என்பது. கடைசியில், கதவுத் தாழில் கையை வைத்துக்கொண்டு, ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்த மாதிரி, "அப்ப, இந்த வருஷமும் போறோம்?"

"போங்க, போங்க."

அவ்வளவுதான் அனுமதி. நின்றால் மனசு மாறிவிடுமோ என்று ரோசேர் உடனே வெளியே வந்துவிடுவான்.

இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் பக்கத்துப் பால் அறையில், கதவு பாதி திறந்திருக்க, தோனாவின் மனைவி கறவை எந்திரத்தின் குழாய்களைக் கழுவிக்கொண்டிருப்பாள். ரோசேர் தொப்பியைத் தொட்டு "மதாம் தோனா" என்பான். அவளும் தலையை அசைப்பாள். கல்யாணமானவளைப் புருஷன் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நானும் ஊருக்கு மதாம் க்ளெர்மோன்தான். என் பெயர் ரோலாந் என்பது சில பேருக்கு என் சாவு அறிவிப்பைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

ஊரெல்லாம் இருண்டு போன அந்தப் பெரிய மின்தடைக் குளிர்காலத்துக்கு முந்தின வருஷம், புல் அறுப்பு நடக்கும்போது தோனா போய்விட்டார். டிராக்டரில் உட்கார்ந்தபடியே உயிர் போனது. டிராக்டர் மட்டும் வேலி வரைக்கும் போய் முட்டி நின்றது. நல்ல மனுஷர். அடக்கத்துக்கு இரண்டு பங்கு ஜனமும் வந்தது.

நவம்பரில் ரோசேர் வழக்கம்போல் அந்தத் தொழுவத்துக்குப் போனான். மகன் ரெஜான் மாடுகளுக்கு நடுவில் குனிந்திருந்தான். மாடு, உலர்புல், பால் விலை எல்லாம் முறையாக முடிந்தது. தாழில் கை வைத்துக் கேட்டான்.

"போங்க ரோசேர் மாமா. அப்பா இருந்தா அதானே சொல்வார்."

பால் அறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ரோசேர் தொப்பியைத் தொட்டான். அன்று அவள் தலையை அசைத்தாளா என்று பிற்பாடு யோசித்து யோசித்துப் பார்த்தும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

வயலின் நடுவில், எப்போதும்போல் நேர்கோடாக, அடையாளக் கழிகளை அடித்துவிட்டு வந்தான். மண் இறுகியது. டிசம்பரில் நல்ல பனி விழுந்தது. பாதையைத் தட்டிச் சமன் செய்கிற எந்திரத்தை எடுத்துக்கொண்டு போனவன் தோனா வயலின் மர வரிசையில் இருக்கிற இடைவெளிக்கு வந்து நின்றான். இடைவெளிக்குக் குறுக்காக எருவண்டி. சாணி எருவை வயலில் இறைக்கிற அந்தப் பெரிய வண்டி, அதுவும் வழிய வழிய நிரப்பியது. சக்கரங்கள் மண்ணோடு உறைந்து, எரு பாறை மாதிரி இறுகியிருந்தது. அடித்த கழிகள் ஒன்றுகூட இல்லை. பிடுங்கி, வண்டிச் சக்கரத்தில் ஒழுங்காகச் சாய்த்து வைத்திருந்தது.

நேரே ரெஜானிடம் போனான்.

"ஏன்டா, வண்டிய அங்க விட்டுட்ட?"

"நான் விடல மாமா."

"பின்ன யாரு?"

"அந்த வண்டிய ஓட்டத் தெரிஞ்சவங்க எங்க வீட்ல ரெண்டு பேரு. ஒருத்தன் நான்." ரெஜான் வீட்டுப் பக்கம் தாடையைக் காட்டினான். "என்னை இதுல இழுக்காதீங்க. நான் அங்கதான் சாப்பிடறேன்."

ரோசேர் சமையலறைக் கதவைத் தட்டினான். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை.

"ரெஜான் சரின்னுட்டான், மதாம் தோனா."

"கேட்டேன். பால் அறையிலதான் இருந்தேன்."

"வண்டி ஏதும் பழுதா? இழுக்க ஆள் கூட்டிட்டு வரட்டுங்களா?"

"வண்டி நல்லா ஓடுது."

"வழி அடைபட்டா பசங்க ஆத்துல எறங்கிடுவாங்க. நோர்மான நெனச்சுப் பாருங்க."

அவள் மாவிலிருந்து கையை எடுத்தாள். "நோர்மான் அடக்கத்துக்கு நானும் வந்து அழுதவதான். செத்தவன முன்னால நிறுத்தி என்கிட்ட வழி கேக்காத. நீ கேக்கறது யாரு நெலம்?"

"தோனாவோட நெலம்தான், வேற யாரு."

"தோனா கல்லறையில இருக்காரு. அங்க போய்க் கேளு."

அங்கிருந்து அவன் என் வீட்டுக்குத்தான் வந்தான். பட்டாணி சூப்பை முன்னால் வைத்தேன், கரண்டியைத் தொடவில்லை. வரும் வழியில் கிளப் தலைவனிடம் சொன்னானாம். அவன் நகரத்தில் வேலை பார்க்கிற பையன். "பெரிய டிராக்டர் ரெண்டு கொண்டு வந்து இழுத்துப் போட்டுடலாம்" என்றானாம்.

"இழுத்தா அந்த வயலோட நிக்குமா?" என்றான் ரோசேர். "மேட்டுச் சாலையில இருக்கற அத்தனை பேரும் வேலியப் போட்டுடுவாங்க. அவங்க எனக்காக விடறாங்க, கிளப்புக்காக இல்ல. அக்கா, இன்னிக்குக் காலையில பாலத்துல நின்னு பாத்தேன். ஆத்து மேல ஒரு தடம். ஒரே ஒரு வண்டி. ஆலைக்கு மேல வரைக்கும் போய்த் திரும்பியிருக்கான். நாளைக்கு அந்தத் தடத்தப் பாத்து இன்னும் நாலு பேரு போவாங்க."

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அந்த ஆற்றைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை.

"அவளுக்குப் புருஷன் போன துக்கம். புத்தி ஒரு நிலையில இல்ல போல" என்றான்.

"புத்தி நிலையில இல்லாதவ எருவண்டிய அவ்வளவு நேரா நிறுத்த மாட்டா. என்ன கேட்டா உன்ன?"

"யாரு நெலம்னு கேட்டா. தோனா நெலம்னேன்."

"அவ மூஞ்சியப் பாத்தே சொன்னியா?"

"ஊரே அப்படித்தான சொல்லுது?"

"ஊரு சொல்லும். தோனா லெசார் எந்த ஊரு?"

"இந்த ஊரு."

"ஆத்துக்கு அந்தப் பக்கம். மர ஆலைக்காரன் பிள்ளைங்கள்ல ஆறாவதோ ஏழாவதோ. அவங்க அம்மாவும் நம்ம க்ளெர்மோனோட அத்தையும் ஒண்ணுவிட்ட சகோதரிங்க. இந்தப் பக்கம் லுட்ஜே வஷோனுக்கு ஆம்பளப் பிள்ளையே இல்ல, ஆல்மா ஒருத்திதான். தோனா ஒரு பெட்டியும் ஒரு நாயும் எடுத்துக்கிட்டு வீட்டோட மாப்பிள்ளையா வந்தவரு. கல்யாணத்துல நான்தான் கறி அடைச்ச ரொட்டி பரிமாறினேன். நீ அப்ப மரம் வெட்டற முகாம்ல இருந்த. லுட்ஜே சாகறதுக்கு முன்னால நெலத்த மக பேருக்கு எழுதி வச்சாரு. அத மாத்தி எழுதினதா நான் கேள்விப்படல."

ரோசேர் சூப்பைத் தள்ளி வைத்தான்.

"அப்ப நான் இத்தன வருஷமா மாப்பிள்ளைகிட்ட வழி கேட்டுட்டு இருந்திருக்கேன்."

"மாமனார் தொழுவத்துல நின்னுக்கிட்டு. பொண்ணு பக்கத்து அறையில குழாய் கழுவறப்ப."

வயலுக்குப் பெயர் ஒட்டுவது அப்படித்தான். பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் சரி, டிராக்டரில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் பெயர் ஒட்டிக்கொள்ளும். எனக்கு நினைவு தெரிந்து அது லுட்ஜே வயலாக இருந்தது. எப்போது தோனா வயல் ஆனது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. ஆல்மா வயல் என்று ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரோசேர் என்னையும் கூட வரச் சொன்னான். "நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா இரு" என்றான். சும்மா இருப்பதற்கு வசதியாக ஒரு கேக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த ஆல்மா கேக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம்தான் அவனைப் பார்த்தாள். ரோசேர் தொப்பியைத் தொடவில்லை, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மாட்டைப் பற்றியும் கேட்கவில்லை.

"லுட்ஜே மக ஆல்மா," என்றான். "உன் நெலத்து மேல வண்டி போகறதுக்கு வழி கேட்டு வந்திருக்கேன். முன்னாலயே உன்கிட்டதான் கேட்டிருக்கணும். கேக்கல."

அவள் அடுப்படிக்குப் போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

"பள்ளிக்கூடத்துல என் மைப்புட்டியக் கவுத்து விட்டவன், மதாம் மதாம்னு தொப்பியத் தொட்டுட்டுப் போவான். குழாயக் கழுவிக்கிட்டே சிரிச்சுக்குவேன்," என்றாள். "உக்காரு. ரோலாந், நீயும்தான்."

என் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இத்தன வருஷம் நீ ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று ரோசேர் கேட்டான்.

"அவரு நாலு பேரு முன்னால போங்கன்னு வாக்கு குடுத்துட்டாரு. அதுக்கு மேல நான் வந்து முடியாதுன்னு சொன்னா, அவரால இந்த ஊர்ல தலைய நிமித்தி நடக்க முடியுமா? பொண்டாட்டி வீட்ல இருக்கறவன்னு மறுபடியும் ஆரம்பிச்சிருப்பாங்க. அவரு இருந்த வரைக்கும் அந்த வாக்கு இருந்துச்சு. இப்ப அவரு இல்ல. ரெஜானுக்கு அதக் குடுக்கற உரிமை இல்ல."

"சரி. இப்ப கேக்கறேன்."

"நடுவால முடியாது."

"நடுவாலதான் எப்பவும்..."

"ஜன்னலப் பாரு. இப்ப வெள்ளையா இருக்கு, ஒண்ணும் தெரியாது. மே மாசம் வந்து பாரு. பச்சையா குதிரைமசால் எழும்பி வரும், நடுவுல ஒரு காஞ்ச கோடு. நீங்க போன வழி. பனியத் தட்டித் தட்டி இறுக்கிட்டா குளிரு நேரா வேருக்கு எறங்கிடுது. இத நான் உனக்குச் சொல்லணுமா, நீயும் மாடு வச்சிருக்கறவன். உன் நெலத்துல பாத எங்க போகுது ரோசேர்?"

ரோசேர் காப்பிக் கோப்பையைப் பார்த்தான். "ஓரமா."

"என் நெலத்துல?"

"நடுவால."

"ஏன்?"

"தோனாகிட்ட கேட்டேன். நேராப் போனா சுளுவுதான், போங்கன்னாரு."

"அவருக்கு எல்லாரையும் சந்தோஷமா வச்சுக்கணும். நல்ல மனுஷன். அவரு அப்பா நெலமா இருந்தா ஓரமாப் போன்னுருப்பாரு." கோபமாகச் சொல்லவில்லை. புருஷனைப் பற்றிப் பிரியமாகப் பேசுகிறவள் எப்படிப் பேசுவாளோ அப்படித்தான் சொன்னாள்.

பிறகு மூவரும் பனியில் புதையாத அகலச் செருப்புகளைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனோம். எருவண்டிச் சக்கரத்திலிருந்து கழிகளை ஆல்மாவே எடுத்தாள். கீழ்ப்பக்கத்துக் கல் வரப்பை ஒட்டி நடந்து, ஒவ்வொரு இடமாகக் காட்டினாள். ரோசேருக்கு அந்த வழி பிடிக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

"ஆல்மா, இந்த ஓரத்துல காத்து பனிய மலையாக் குமிச்சு வைக்கும். ஒவ்வொரு தடவையும் எந்திரத்த ரெண்டு வாட்டி ஓட்டணும்."

"ஓட்டு. உனக்கு என்ன சம்பளம் தர்றாங்க?"

"ஒண்ணும் தர்றதில்ல."

"அப்ப நஷ்டமும் இல்ல."

நான் சிரித்துவிட்டேன். ரோசேர் என்னைத் திரும்பிப் பார்த்தான். சும்மா இருக்கச் சொல்லித்தானே கூட்டிவந்தான்.

தொழுவத்தை ஒட்டி வருகிற மூலையில் இன்னொரு வாக்குவாதம் நடந்தது. கன்று ஈனப் போகிற மாடுகள் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் நிற்கும், அங்கே வண்டி மெதுவாகத் திரும்ப வேண்டும் என்றாள். வண்டிக்காரர்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்றான் ரோசேர். "பலகை வச்சாலும் படிக்க மாட்டானுங்க."

"படிக்க வேணாம். கழிய நெருக்கி நட்டு வளைவா விடு. வேகமா வந்தா எருக்குழியில விழுவான். ஒருத்தன் விழுந்தா போதும், மத்தவன் படிச்சுக்குவான்."

ரோசேர் யோசித்தான். அப்புறம் கழிகளை நெருக்கி நட்டான்.

எருவண்டியை எடுக்கத்தான் பெரும்பாடு. ரெஜான் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, கடப்பாரையால் சக்கரத்தைச் சுற்றிக் கொத்தினான். ரோசேர் இன்னொரு பக்கம் கொத்தினான். இருவரும் பூசைக்குப் போட்ட நல்ல சட்டையில் இருந்தார்கள், வேலை முடிந்தபோது அந்தச் சட்டையைப் பார்த்தவர்கள் அதை நம்பியிருக்க மாட்டார்கள். கடைசியில் வண்டி அசைந்ததும் ஆல்மா டிராக்டரில் ஏற, அம்மாவும் மகனுமாக அதைத் தொழுவத்துக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார்கள்.

சனிக்கிழமை பாதை திறக்கிற நாள். ஆற்றுக்குப் போகிற சரிவும் வயலுக்குப் போகிற வழியும் பிரிகிற இடம் பாலத்தடி. அங்கேதான் ரோசேர் விடிந்ததிலிருந்து நின்றான். கட்டை போட்டு ஆற்றுச் சரிவை அடைக்கலாம்தான். ஆனால் கட்டையைத் தாண்டிப் போகிறவன்தான் ஆற்றில் போகிறவன், அது அவனுக்குத் தெரியும். வழி நன்றாக இருந்தால் வழியில் வருவார்கள் என்று நின்றான்.

நான் ஆல்மாவின் சமையலறையில் இருந்தேன். அந்த ஜன்னலிலிருந்து கீழ் ஓரமும் தெரியும், அதற்கும் கீழே ஆறும் தெரியும். முதலில் சத்தம்தான் வந்தது, தேனீக்கூடு மாதிரி. அப்புறம் ஒரு வரிசை, விளக்குகள் எரிய, கல் வரப்பை ஒட்டி வந்தது. தொழுவத்து மூலையில் ஒவ்வொருவனும் வேகத்தைக் குறைத்துத் திரும்பினான். ஆல்மா கதவைத் திறந்து வாசலில் போய் நின்றாள். மேல்கோட்டு போடவில்லை. வீட்டுக்காரர்கள் நிற்பதைப் பார்த்தால் வண்டிக்காரர்கள் இடக்கையைத் தூக்குவார்கள், அது எங்கள் பக்கத்து மரியாதை. ஒவ்வொருவனாகக் கையைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் அசைத்தாள்.

நான் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. அந்த ஒற்றைத் தடத்தையும் பனி மூடியிருந்தது.

மத்தியானம் ரோசேர் வந்தான். மீசையில் பனி தொங்கியது. உட்காருவதற்கு முன்னாலேயே சொன்னான்: "எல்லாரும் இந்தப் பக்கம்தான். ஆத்துல ஒருத்தன் எறங்கல." எனக்குச் சொன்னானா, ஆல்மாவுக்குச் சொன்னானா தெரியவில்லை. நான் அவன் தோளில் இருந்த பனியைத் தட்டிவிட்டேன்.

"நல்லாத்தான் வந்தாங்க," என்றாள் ஆல்மா, அவனுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே. "மூலையிலயும் ஒழுங்காத் திரும்பினாங்க. ஒருத்தன் மட்டும் கை காட்டல."

"அப்படியா? யாரு?"

"ஊதா மேல்சட்ட. மஞ்சக் கோடு போட்ட வண்டி."

ரோசேர் கோப்பையைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். நான் கேக்கை வெட்டுவதில் கவனமாக இருந்தேன்.

"அது எங்க மருமவன்," என்றான்.

"உன் மருமவனா?"

"மூத்தவ புருஷன். ஓட்டல்ல சூப் குடிச்சிட்டிருப்பான். இப்பவே போய்க் கூட்டிட்டு வர்றேன்." தொப்பியைத் தேட ஆரம்பித்தான்.

"காப்பியக் குடி. இன்னிக்கு வேணாம்." ஆல்மா வெளியே எட்டிப் பார்த்தாள். காற்று எழும்பியிருந்தது. கல் வரப்பு ஓரத்தில், அவன் காலையில் சமன் செய்துவிட்டுப் போன இடத்தில், பனி மறுபடியும் திரளத் தொடங்கியிருந்தது. "நாளைக்குப் பூசை முடிஞ்சு வரச் சொல்லு. வரப்ப மண்வெட்டி எடுத்துட்டு வரச் சொல்லு."

மறுநாள் மருமகன் வந்தான். மண்வெட்டியோடு, மாமனாருக்கு முன்னால் நடந்து வந்தான்.